பூஞ்சணத்துக்குப் பகையான வாசனைத் தைலங்கள்

சந்தையில் வாழைப்பழம் வாங்குவோர் பழத்தின் நிறத்தைப் பார்ப்பார்கள், பருமனைப் பார்ப்பார்கள், விலையைக் கேட்டுச் சற்றுப் பேரமும் பேசுவார்கள். அநுபவமுள்ள இல்லத்தரசியோ சீப்பைத் திருப்பி, காம்புகள் எல்லாம் ஒன்றுகூடும் அடிப்பாகத்தை முதலில் நோக்குவாள். அவ்விடம் கறுத்து, வெண்ணிறப் பஞ்சு போன்ற படலம் அரும்பியிருக்குமாயின், பழம் எத்துணை அழகாக மஞ்சளித்திருந்தாலும் அதை வைத்துவிட்டு அடுத்த கடைக்குப் போய்விடுவாள். அவள் செய்வது முற்றிலும் சரியே. அந்தக் கறுப்பு இரண்டொரு நாளில் காம்புக்குள் ஏறும். பழங்கள் ஒவ்வொன்றாகச் சீப்பிலிருந்து கழன்று விழும்.

சீப்படி அழுகல் எனப்படும் இந்நோய்க்குக் காரணம் ஒரு பூஞ்சணம் அன்று, பூஞ்சணங்களின் கூட்டம். குலையைச் சீப்புச் சீப்பாக வெட்டும்போது உண்டாகும் பச்சைப் புண்ணே அவற்றுக்கு வாசல். வெட்டும் கத்தியிலும், கழுவும் நீரிலும், தோட்டத்தில் உதிர்ந்து கிடக்கும் சருகிலும் அவற்றின் வித்திகள் கண்ணுக்குத் தெரியாத தூசியாய்ப் பரந்திருக்கின்றன. எம்பிலிப்பிட்டியிலிருந்து கொழும்புக்கு லொறியில் வரும் குலை, வழியிலே வெப்பத்தில் வெந்து ஒன்றன்மேல் ஒன்றாக நசுங்கும்போது, அவ்வித்திகள் முளைப்பதற்கு வேறென்ன வேண்டும்? நமது நாட்டில் அறுவடைக்குப் பின் வீணாகும் பழமும் காய்கறியும் மொத்த விளைவில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு என்று கணிக்கப்படுகிறது. கமக்காரன் உழுது, நட்டு, நீர் பாய்ச்சி, காவல் காத்துப் பெற்ற பயனில் ஒரு பெரும் பகுதி உண்பாரின்றி அழுகிப்போகின்றது. இந்த நட்டத்தைக் குறைக்கும் வழி ஒன்று நமது சமையலறை அடுக்கிலேயே இருக்கக்கூடும் என்று விஞ்ஞானிகள் சொல்லத் தொடங்கியிருப்பதே இக்கட்டுரையின் பொருள்.

பூஞ்சணம் என்று நாம் அலட்சியமாகப் பேசும் இச்சிற்றுயிர் இலங்கையின் சரித்திரத்தையே ஒருமுறை திருப்பி எழுதியிருக்கிறது. 1869 ஆம் ஆண்டில் மடுல்சீமைப் பகுதிக் கோப்பித் தோட்டமொன்றில் இலைகளின் அடிப்புறத்தே செம்மஞ்சள் நிறப் பொடி படிந்திருக்கக் காணப்பட்டது. பேராதனைப் பூந்தோட்டத்தின் அதிபராயிருந்த துவெயிற்ஸ் அதனை இங்கிலாந்துக்கு அனுப்ப, அங்கே பேர்க்கிலி என்னும் அறிஞர் அதனைச் சோதித்து ‘ஹெமிலியா வாஸ்டாட்றிக்ஸ்’ என்று பெயரிட்டார். பெயரின் பிற்பகுதிக்குப் ‘பாழாக்குவது’ என்பது பொருள். பெயருக்கேற்பவே அது நடந்துகொண்டது. மார்ஷல் வார்ட் என்னும் இளம் விஞ்ஞானி 1880 இல் இங்கு வந்து இரண்டாண்டு இருந்து நோயின் வரலாற்றைத் துருவி ஆராய்ந்தார். நோய் பரவும் விதம் புலனாயிற்றே ஒழிய அதைத் தடுக்கும் மருந்து கிட்டவில்லை. இருபது ஆண்டுகளில் கோப்பி சரிந்து, மலைநாடு தேயிலைக்கு மாறியது. அத்தேயிலையையும் பூஞ்சணம் விட்டுவைக்கவில்லை. 1946 இல் கொப்புள நோய் இத்தீவில் தோன்றியபோது செப்புக் கலவை தெளித்தே அதனைக் கட்டுக்குள் கொண்டுவர நேர்ந்தது.

செப்பின் கதையும் சுவையானது. பிரான்சில் போர்தோ நகரை அடுத்த திராட்சைத் தோட்டங்களில், வழிப்போக்கர் பழத்தைப் பறிக்காதிருக்கும் பொருட்டுப் பாதையோரக் கொடிகளுக்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து பூசும் வழக்கம் இருந்தது. அக்கொடிகளில் மாத்திரம் நோய் தங்கவில்லை என்பதைக் கண்டு, மில்லார்தே என்னும் பேராசிரியர் அக்கலவையை ஆராய்ந்து 1885 இல் உலகுக்கு அறிவித்தார். திருடருக்கு வைத்த பொறியில் பூஞ்சணம் அகப்பட்டது! அன்று முதல் இரசாயன மருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1968 அளவில் வெளிவந்த பெனோமில் என்னும் மருந்து அவற்றுள் பெரும்புகழ் பெற்றது. தாவரத்தின் உள்ளே புகுந்து நோயைத் தாக்கும் ஆற்றல் அதற்கு உண்டு. வாழைச் சீப்புகளைக் கப்பலேற்றுமுன் அதிலும் அதன் இனத்தைச் சேர்ந்த மருந்துகளிலும் தோய்த்தெடுப்பது பல நாடுகளில் வழக்கமாயிற்று. ஆயினும் சில ஆண்டுகளுக்குள்ளேயே அம்மருந்துக்குச் சாகாத பூஞ்சண வகைகள் தலையெடுத்தன. காரணம் எளியது. அம்மருந்து பூஞ்சணத்தின் உடலில் ஒரேயொரு புரதத்தையே குறிவைக்கின்றது. அப்புரதத்தில் ஓர் அணு அளவு மாற்றம் நேர்ந்துவிட்டால் பூட்டுக்குச் சாவி பொருந்தாது. பின்பு அதன் உற்பத்தியாளர் 2001 இல் அதைத் தயாரிப்பதையே நிறுத்திவிட்டனர்.

இங்குதான் வாசனைத் தைலங்களின் அருமை புலப்படுகிறது.

தாவரங்களுக்குக் காலில்லை, பகைவனைக் கண்டு ஓட இயலாது. ஆகவே பலவும் தம் உடலிலேயே படைக்கலச் சாலை அமைத்துக்கொண்டிருக்கின்றன. கராம்பு மொட்டை நகத்தால் கீறினால் எண்ணெய் கசிகிறதல்லவா? துளசி இலையைக் கசக்கினால் மணம் எழுகிறதல்லவா? நமக்கு அது நறுமணம். இலையைத் தின்ன வரும் புழுவுக்கும், அழுக வைக்க வரும் பூஞ்சணத்துக்கும் அது நஞ்சு. இத்தைலங்கள் நல்லெண்ணெய், தேங்காயெண்ணெய் போன்றவை அல்ல. கடதாசியில் ஒரு துளி விட்டால் சிறிது நேரத்தில் கறையின்றிப் பறந்துபோகும். அதனாலேயே இலையையோ பட்டையையோ கலத்திலிட்டு நீராவியைச் செலுத்தி, எழும் ஆவியைக் குளிர்வித்து, வாலையில் வடித்து எடுக்கிறார்கள். காலி, மாத்தறைப் பகுதிகளில் கறுவாத் தோட்டங்களை அடுத்து இத்தகைய வடிசாலைகளை இன்றும் காணலாம்.

கறுவாவைப் பற்றிச் சற்று விரித்தே சொல்ல வேண்டும். ஏனெனில் இயற்கை இம்மரத்தில் ஒரு விந்தை செய்திருக்கிறது. ஒரே மரத்தின் மூன்று உறுப்புகளிலிருந்து மூன்று வெவ்வேறு தைலங்கள் கிடைக்கின்றன. பட்டைத் தைலத்தில் மிகுந்திருப்பது சினமல்டிகைட்டு. கறுவாவுக்குரிய இனிய காரமணம் இதனாலேயே உண்டாகின்றது. இலைத் தைலத்தில் மிகுந்திருப்பது யூஜினோல். இது கராம்பின் மணம், பல் வைத்தியரின் அறையில் நாம் நுகரும் மணம். வேர்ப்பட்டைத் தைலத்திலோ கற்பூரம் மிகுதி. கண்ணைக் கட்டிக்கொண்டு மூன்றையும் முகர்ந்தால் ஒரே மரத்தின் பிள்ளைகள் என்று எவரும் சொல்லார். பட்டை விலையுயர்ந்தது; அது உலகச் சந்தைக்குப் போகிறது. ஆனால் பட்டை உரிப்பதற்காகக் கிளையை வெட்டும்போது உதிரும் இலையோ குவியல் குவியலாக எஞ்சுகிறது. அக்கழிவிலிருந்தே இலைத் தைலம் வடிக்கப்படுகிறது. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் கறுவாவுக்காகப் போரிட்டனர் என்று பாடப் புத்தகத்தில் படிக்கும் மாணவர், அம்மரத்தின் இலையிலும் பொருள் உண்டு என்பதையும் அறிந்துகொள்வது நன்று.

இத்தைலங்கள் பூஞ்சணத்தைக் கொல்லும் விதம் யாது? பூஞ்சணத்தின் ஒவ்வொரு கலத்தையும் மெல்லிய கொழுப்புச் சவ்வு ஒன்று போர்த்தியிருக்கிறது. உள்ளே வரவேண்டியவற்றை வரவிட்டு, வெளியே போகக்கூடாதவற்றைத் தடுத்து நிறுத்தும் வாயிற்காவலன் அதுவே. யூஜினோல் போன்ற பொருள்கள் நீரிலும் பார்க்கக் கொழுப்பிலேயே எளிதாய்க் கரைவன. ஆதலால் அவை சவ்வினுள் புகுந்து அதன் ஒழுங்கைக் குலைக்கின்றன. சவ்வு ஓட்டைப் பானையாகிறது. கலத்தினுள்ளிருக்கும் பொற்றாசிய உப்பும் பிற சத்துகளும் ஒழுகிப்போகின்றன. சினமல்டிகைட்டு வேறொரு வழியையும் கையாளுகிறது. அது கலத்தின் புரதங்களோடு நேரே பிணைந்து அவற்றை வேலை செய்யவொட்டாமல் தடுக்கிறது. மேலும் ஒரு தைலத்தில் ஒரு பொருள் மட்டும் இருப்பதில்லை. பல பொருள்கள் கலந்து பல முனையில் தாக்குகின்றன. ஒரு பூட்டை மாற்றிக்கொண்டு தப்பிய பூஞ்சணம், ஒரே சமயத்தில் பல பூட்டுகளை மாற்றிக்கொள்வது அத்துணை எளிதன்று. பூஞ்சணம் ஒருபோதும் பழகாது என்று சத்தியம் செய்ய நான் முன்வரேன். பழகுவது கடினம் என்பது மட்டும் நியாயமான எதிர்பார்ப்பு.

இனி நமது நாட்டு ஆராய்ச்சிக்கு வருவோம். களனிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர், சிங்களத்தில் ‘ஆம்புல்’ என வழங்கும் புளிப்புச்சுவை வாழையில் தோன்றும் சீப்படி அழுகலையும், பழத்தோலில் கரும்புள்ளி வீழ்த்தும் அந்திரக்னோஸ் நோயையும் எடுத்துக்கொண்டனர். நோயுற்ற பழங்களிலிருந்து பூஞ்சணங்களைப் பிரித்து வளர்த்து, அவற்றின்மீது கறுவா இலைத் தைலம், கறுவாப் பட்டைத் தைலம், கராம்புத் தைலம் ஆகியவற்றைச் சோதித்தனர். நூற்றுக்கு 0.03 முதல் 0.11 வரையான அளவே அவற்றைக் கொல்லப் போதுமாயிருந்தது என்று 2002 இல் வெளியான அவர்களின் கட்டுரை கூறுகிறது. இவ்வளவு எத்துணைச் சிறிது என்பதை மாணவர்கள் கணக்கிட்டுப் பார்க்கலாம். நூற்றுக்கு 0.1 என்றால் ஒரு லீற்றர் நீருக்கு ஒரு மில்லிலீற்றர். பதினாறு லீற்றர் கொள்ளும் முதுகுத் தெளிகருவிக்குப் பதினாறு மில்லிலீற்றர். மூன்று தேக்கரண்டிக்குச் சற்றே அதிகம்.

கண்ணாடித் தட்டில் வெற்றி பெற்றது பழத்தில் வெற்றி பெறுமா? அதையும் பார்த்தனர். கறுவாத் தைலம் நீரில் கரையாதாகையால் அதனைப் பால் போன்ற குழம்பாக்கி, வாழைச் சீப்புகளுக்கு இட்டு, பழம் தன் மூச்சினாலேயே உள்ளிருக்கும் காற்றின் தன்மையை மாற்றிக்கொள்ளத்தக்க பொலித்தீன் உறைகளில் அடைத்து வைத்தனர். குளிர் அறையில் 21 நாளும், 28 பாகை வெப்பத்தில், அஃதாவது நமது வீட்டின் சாதாரண வெப்பத்தில், 14 நாளும் பழம் கெடாதிருந்தது. உண்டு பார்த்தபோது சுவையும் மாறவில்லை. பின்னர் துளசி இனத் தைலத்தையும், சீனக்காரக் கரைசலையும் சேர்த்துப் பார்க்கும் ஆராய்ச்சிகளும் இங்கு நடந்தன. வீட்டில் வைத்த பழம் நாலைந்து நாளில் கறுத்துப்போவதை அறிந்தவர்க்கு, குளிரூட்டியின்றிப் பதினான்கு நாள் என்பது சிறிய செய்தி அன்று. சிறு வியாபாரியிடம் குளிர் அறை ஏது?

இவ்வளவு நல்ல மருந்து ஏன் இன்னும் கடைதோறும் கிடைக்கவில்லை என்று வாசகர் கேட்கலாம். கேட்கவே வேண்டும். புகழ்ந்து எழுதுவது எளிது. இடர்ப்பாடுகளை மறைப்பது நேர்மையன்று.

முதலாவது இடர்ப்பாடு, மணம் எதனால் எழுகிறதோ அதனாலேயே வருகிறது. பறக்கும் தன்மையுள்ள பொருள் நிலைத்து நிற்பதில்லை. காலையில் இலைமீது தெளித்த தைலத்தை நண்பகல் வெயில் கொண்டுபோய்விடும். மூடிய அறையிலும் பெட்டியிலும் இருக்கும் பழத்துக்கு உதவும் மருந்து, திறந்த வயலில் உதவாமற் போவதற்கு இதுவே காரணம். அடுத்தது அளவு பற்றியது. பூஞ்சணத்தின் சவ்வைக் கரைக்கும் பொருள் பயிரின் இலைச் சவ்வுக்கு மட்டும் பரிவு காட்டுமா? அளவு சிறிது மிகுந்தாலும் இலை கருகும். கராம்புத் தைலத்தைக் களைகொல்லியாகவே விற்கும் நாடுகளும் உண்டு என்றால் கேட்பானேன். இன்னொன்று, தைலம் எப்போதும் ஒரே தன்மையுடையதாய் இருப்பதில்லை. மண், மழை, பறித்த பருவம், வடித்த விதம் ஆகியவற்றுக்கேற்ப அதன் கூறுகள் மாறும். இவ்வாண்டு நோயைத் தடுத்த தைலம் அடுத்த ஆண்டு தடுக்கும் என்பதற்குச் சோதனையின்றி உறுதி சொல்ல இயலாது. விலையையும் மறத்தற்கில்லை. மணப்பொருளாகவும் மருந்தாகவும் அயல்நாட்டார் வாங்கும் தைலத்தைக் கமக்காரன் வயலுக்குத் தெளிப்பதென்றால் கணக்குக் கட்டவேண்டும்.

முதல் இரண்டு இடர்களுக்கும் பிற நாடுகளில் கண்ட பரிகாரம் மெச்சத்தக்கது. திராட்சையைக் கெடுக்கும் சாம்பற் பூஞ்சணத்துக்கு எதிராக, யூஜினோல், தைமோல், ஜெரானியோல் என்னும் மூன்று தைலக் கூறுகளை ஐரோப்பிய ஒன்றியம் 2013 இல் பயிர்ப் பாதுகாப்புக்கு அங்கீகரித்தது. தைமோல் என்பது நமது ஓமத்தில் நிறைந்திருப்பது; ஜெரானியோல் சிற்றனெல்லாப் புல்லிலும் உண்டு. இவற்றை வெறுமனே தெளிப்பதில்லை. பாண் புளிக்க வைக்கும் மதுவத்தின் கலங்களிலிருந்து உட்பொருளை நீக்கி, எஞ்சிய கூடுகளில் தைலத்தை நிரப்புகிறார்கள். நுண்ணிய இப்பேழைகள் இலைமீது படிந்து கிடக்கும். ஈரம் பட்டால் தைலம் சிறிது சிறிதாகக் கசியும், உலர்ந்தால் அடங்கும். பூஞ்சண வித்தி முளைப்பதற்கும் ஈரமே வேண்டும் என்பதை நினைத்துப் பார்த்தால் இந்த ஏற்பாட்டின் நயம் விளங்கும். பகைவன் புறப்படும் வேளையிலேயே படைக்கலமும் வெளிப்படுகிறது.

வாழைக்கே மீண்டும் வந்தால், இலையைக் கருக்கும் கருஞ்சிகற்றோக்கா நோய் மத்திய அமெரிக்கப் பெருந்தோட்டங்களில் பெரும் சாபக்கேடு. அங்கே ஆகாய விமானத்திலிருந்து ஆண்டுக்கு நாற்பது தடவைக்கு மேலும் மருந்து தெளிக்கிறார்கள். அம்மருந்து தோட்டத்தில் உழைப்போர்மீதும், அருகிலுள்ள ஓடைகளிலும் வீழ்கிறது. அவுஸ்திரேலியாவுக்குரிய தேயிலை மரம் எனப்படும் மரத்தின் தைலத்திலிருந்து ஆக்கிய மருந்தொன்று அத்தெளிப்பில் ஒரு பங்கை ஏற்கத் தொடங்கியுள்ளது. இம்மரத்துக்கும் நாம் குடிக்கும் தேயிலைக்கும் உறவு ஏதுமில்லை. பெயர்ப் பொருத்தம் மாத்திரமே. இரசாயன மருந்தை முற்றாக விலக்கவில்லை என்பதையும் குறிப்பிடவேண்டும். இரண்டையும் மாறி மாறித் தெளிப்பதனால் பூஞ்சணம் எதற்கும் பழகிவிடாது காக்கிறார்கள்.

இந்த மாறி மாறித் தெளிக்கும் நிதானத்தை நாம் கவனித்தல் வேண்டும். 2021 ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயன உரங்களும் பயிர் மருந்துகளும் இலங்கைக்குள் வருவது ஒரேயடியாகத் தடைசெய்யப்பட்டது. மாற்று மருந்து ஆயத்தமாக இருக்கவில்லை. கமக்காரருக்குப் பயிற்சியும் இருக்கவில்லை. நெல் விளைவு பெரிதும் வீழ்ந்தது, தேயிலையும் குறைந்தது, அவ்வாண்டு நவம்பரில் தடை நீக்கப்பட்டது. இயற்கை முறையில் நம்பிக்கையுள்ளவர்களுக்கு அதனால் நேர்ந்த தீங்கு பெரிது. ‘இயற்கை’ என்ற சொல்லையே கேட்க விரும்பாத கமக்காரர் பலரை அந்த ஏழு மாதங்கள் உண்டாக்கிவிட்டன. தைலங்களைப் பற்றிய ஆராய்ச்சி அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்னரே நம் பல்கலைக்கழகங்களில் நடந்திருந்தும், அது ஆராய்ச்சிக் கட்டுரையிலிருந்து களஞ்சியத்துக்கு நடந்துவரவில்லை. வடிசாலைக்கும் பழக்கடைக்கும் இடையே உள்ள தூரம் மைலால் அளக்கத்தக்கதன்று. தைலத்தைக் குழம்பாக்கித் தரமறிந்து போத்தலில் அடைக்க ஒருவர் வேண்டும். 1980 ஆம் ஆண்டின் பீடைகொல்லிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி அதனைப் பதிவு செய்விக்க வேண்டும். பழம் திரட்டும் நிலையங்களில் அதைத் தோய்க்கும் தொட்டி வேண்டும். இவை பெரிய அணைக்கட்டுகள் அல்ல. என் எண்ணத்தில், பிரதேசந்தோறும் உள்ள கூட்டுறவுச் சங்கங்கள் வாழைப்பழத்தில் இதைத் தொடங்கலாம். வயலில் தெளிப்பதை விஞ்ஞானிகள் ஆராயட்டும். பெட்டிக்குள் பழத்தைக் காப்பதற்கு இன்று தெரிந்ததே போதுமானது.

வீட்டில் பிள்ளைகள் செய்து பார்க்கத்தக்க சோதனை ஒன்று உண்டு. பெரியவர் ஒருவர் துணையிருத்தல் வேண்டும். கறுவாத் தைலம் தோலில் பட்டால் எரியும், கண்ணில் பட்டால் துன்பந்தரும், குடிக்கக்கூடிய பொருளும் அன்று. மூடியுள்ள இரண்டு கண்ணாடிப் போத்தல்களைக் கழுவி உலர்த்திக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் நீர் தெளித்து நனைத்த பாண் துண்டு ஒன்றை இடுங்கள். ஒரு போத்தலின் மூடியின் உட்புறத்தில் சிறு பஞ்சை ஒட்டி, அதில் கறுவாத் தைலம் இரண்டு துளி விடுங்கள். தைலம் பாணில் படக்கூடாது. மற்றப் போத்தலின் மூடியில் வெறும் பஞ்சு. இரண்டையும் மூடி, நிழலான ஓரிடத்தில் வைத்து, நாள்தோறும் திறவாமலே கண்ணாடி வழியே பார்த்து நாட்குறிப்பில் எழுதுங்கள். வெறும் பஞ்சுள்ள போத்தலில் மூன்று நாலு நாளில் வெண்படலம் தோன்றிப் பின்பு பச்சையும் கறுப்புமாக மாறும். மற்றதில் அது தோன்ற எத்தனை நாள் பிடிக்கிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள். தைலம் பாணைத் தொடாதபோதும் அதன் ஆவியே காவல் செய்வதைக் காண்பீர்கள். ஓமத் தைலம், கராம்புத் தைலம், சிற்றனெல்லாத் தைலம் ஆகியவற்றையும் இவ்வாறே சோதித்து எது முந்துகிறது, எது பிந்துகிறது என்று அட்டவணை எழுதலாம். சோதனை முடிந்ததும் போத்தல்களைத் திறந்து முகராமல் அப்படியே புதைத்துவிடுங்கள்.